டைரக்ட் கொடுத்த வீடு

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்து எலெக்ட்ரீஷியன்களுக்கு முக்கால்வாசி வேலை ஒன்றேதான். டைரக்ட் கொடுப்பது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டு மெயின் போர்டில் டிரிப்பர் என்று ஒன்று இருக்கும். எங்கேயாவது கரண்ட் கசிந்தாலோ, யார் உடம்பிலாவது பாய்ந்தாலோ, அடுத்த நொடி வீடு மொத்தத்தையும் அணைத்துவிடும். ஆளைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கிற சாமான் அது. மழையில் சுவர் ஊறி, வெளி விளக்கில் தண்ணீர் இறங்கினால் அது அடிக்கடி விழும். வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், போன் போடுவார். கசிவு எங்கே என்று தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும். எங்களுக்கு அது கிடையாது. டிரிப்பருக்குள் போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, "மழை நிக்கட்டும், வந்து பாக்கறேன்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவோம். டிரிப்பர் அதே இடத்தில் லட்சணமாக உட்கார்ந்திருக்கும். வேலை மட்டும் செய்யாது.

மழை நின்ற பிறகு எவனும் போய்ப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரும் கூப்பிடுவதில்லை. அவருக்கென்ன, கரண்ட்தான் போவதில்லையே.

என் பெயர் பரந்தாமன். நூம்பலில் இருக்கிறேன். எங்கள் அப்பா உழுத நிலத்தில் இன்று நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது, அதற்கு வயரிங் செய்தவனும் நான்தான். இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழில். நல்ல தொழில்காரன், கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்று பெயர். என்னைவிட மோசமானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

ஹுமாயூன் பாய்க்குப் பூந்தமல்லியில் கடை. பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துப் போடுவார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பாரிவாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியபோது ஒரு ஸ்விட்ச் விடாமல் நான்தான் போட்டேன். அன்று அவர் டிரிப்பரைப் பார்த்துவிட்டு, "இது இன்னாத்துக்கு பரந்தாமா?" என்று முணுமுணுத்தார். "உம் பொண்டாட்டி புள்ள நல்லா இருக்கத்தான். பேசாம வாங்கிக்கினு வா" என்று சத்தம் போட்டேன். அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு உரிமை இருந்தது. அவர் மனைவி அஷ்ரஃபுன்னிசா என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். பெருநாளைக்குப் பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும், பொங்கலுக்குக் கரும்பு அங்கே போகும். அவர்களுக்கு ஒரே பெண், ரைஹானா. அவளுக்கு நான் மாமா.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியதே, அந்த மழையில்தான் ரைஹானா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, காலைலேர்ந்து நாலு தடவை கரண்ட் போயிடுச்சு. மேல தூக்கி விட்டா மறுபடியும் விழுது. மூணு மணிக்கு எனக்கு ஆன்லைன்ல இன்டர்வ்யூ. ப்ளீஸ் மாமா, வந்துடுங்க."

அவளுக்கு அது முதல் இன்டர்வ்யூ. அம்பத்தூரில் ஒரு கம்பெனி. நான் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. கடைத்தெருவில் தண்ணீர் நின்றதால் பாயும் வீட்டில்தான் இருந்தார். அஷ்ரஃபுன்னிசா வாணலியில் வெங்காயப் பக்கோடா போட்டுக்கொண்டிருந்தது. நான் ரெயின் கோட்டைக் கழற்றுவதற்குள் ஒரு தட்டு நிறைய முன்னால் வந்தது.

டிரிப்பரைத் தூக்கிவிட்டேன். பத்து நிமிஷத்தில் விழுந்தது. எங்கேயோ வெளியே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வேலப்பன்சாவடியில் எனக்காக மூன்று வீடுகள் காத்துக்கொண்டிருந்தன. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"டைரக்ட் குடுத்துடுங்க மாமா" என்றாள் ரைஹானா. "என் ஃப்ரெண்ட் வீட்ல அப்படித்தான் குடுத்தாங்களாம். அப்புறம் பிரச்சினையே இல்லையாம்."

பாய் என்னைப் பார்த்தார். "குடுக்கலாமா?"

வாணலியிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி அஷ்ரஃபுன்னிசா கேட்டது. "அண்ணே, அதுல ஆபத்து ஒண்ணும் இல்லியே?"

"இன்னா ஆபத்து? நான் கீறேன் இல்ல? மழை வுட்டதும் வந்து பக்காவா பண்ணித் தர்றேன்."

இதைச் சொன்னது என் வாய்தான். வாயில் பக்கோடா வேறு இருந்தது. ஒரு துண்டு வயரால் டைரக்ட் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போகவில்லை. ரைஹானாவுக்கு வேலை கிடைத்தது. ஒரு வாரம் கழித்து அஷ்ரஃபுன்னிசா போன் செய்து, "நீங்க அன்னிக்கு வரலன்னா ஒண்ணும் நடந்திருக்காது அண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மழை விட்டது, டிசம்பர் போனது, பொங்கல் போனது. அந்தத் தெரு வழியாகவே ஏழெட்டு முறை வண்டியில் போயிருப்பேன். ஒரு முறையும் இறங்கவில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்துதான் பாய் கடை திறப்பார். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் பின்பக்கத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"மோட்டார நிறுத்துங்க" என்று அஷ்ரஃபுன்னிசா சமையலறையிலிருந்து சொல்லியிருக்கிறது. "தோ போறேன்" என்றிருக்கிறார் இவர். இரண்டாவது தடவை சொல்லியிருக்கிறது. "தோ போறேம்மா." உள் அறையிலிருந்த ரைஹானாவுக்கு இரண்டும் கேட்டிருக்கிறது.

துவைத்த துணி வாளி மோட்டார் பக்கத்தில் இருந்தது. அதில் அழுக்குத் தண்ணீர் விழுகிறதே என்று அஷ்ரஃபுன்னிசா வெறுங்காலோடு ஓடி, ஒரு கையால் வாளியைத் தூக்கியபடி மறு கையை மோட்டாரின் இரும்புப் பைப்பில் ஊன்றியது. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் வயர் பழுதாகி, வெளிக்கூடு முழுக்கக் கரண்ட் இறங்கியிருந்தது. எர்த் வயரோ துருப்பிடித்து அறுந்து கிடந்தது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் ரைஹானா. அம்மாவைப் பிடித்து இழுக்கக் கை நீட்டியவளைப் பாய் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிவிட்டார். "தொடாதே!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் மெயினை அணைத்தார். அவர் மட்டும் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அன்று இரண்டு பேர் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

டிரிப்பர் டிரிப்பராக இருந்திருந்தால், அந்தக் கை பைப்பில் பட்ட நொடியில் வீடு அணைந்திருக்கும். ஒரு உதறல் உதறியிருக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் எனக்குப் போன் வந்திருக்கும். "இன்னா அண்ணே மோட்டார் பார்த்தீங்க, ஷாக்கடிக்குது" என்று என்னைத் திட்டியிருக்கும் அந்தத் தங்கச்சி. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

இதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் உடலை வாங்கி வந்து, குளிப்பாட்டி, ஜனாஸாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நான் தெருமுனை வரை கூடப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். வெளி வராந்தாவில் இருந்த மெயின் போர்டைத் திறந்து அந்தத் துண்டு வயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே அழுத அழுகை எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கை நடுங்கவில்லை. இருபத்தாறு வருஷத் தொழில் அல்லவா.

இரண்டு நாள் கழித்து விசாரிக்க வந்த அதிகாரி டிரிப்பரின் சோதனைப் பட்டனை அழுத்திப் பார்த்தார். டக்கென்று விழுந்தது. அப்படியானால் அன்று ஏன் விழவில்லை என்று கேட்காமல், மோட்டார் பழசு, எர்த் சரியில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கே நான் புதிதாக எர்த் அடித்தேன், வெளி லைன்களையும் பார்த்தேன். கேட் விளக்குப் பெட்டிக்குள் ஒரு ஜாயின்ட், செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. மழையில் டிரிப்பர் விழுந்ததெல்லாம் அதனால்தான். சீவி, புதிதாக இணைத்து, தண்ணீர் போகாதபடி மூட எனக்கு நாற்பது நிமிஷம் ஆனது. நாற்பது நிமிஷம். பெட்டியை மூடிவிட்டு அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த வீட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ரைஹானா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சமைப்பாள், தட்டில் போட்டு மூடி வைப்பாள், அறைக்குள் போய்விடுவாள். அவர் தானாக எடுத்துச் சாப்பிடுவார். நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்கில் வாங்கி வந்து அவர் சமையல் மேடையில் வைப்பார். அவள் இரண்டு கிண்ணத்தில் ஊற்றுவாள். பாங்கு சொன்னதும் ஒரே பாயில் இரண்டு பேரும் உட்கார்ந்து நோன்பு திறப்பார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு. வேலையில் சேரச் சொல்லி வந்த கடிதத்துக்கும் அவள் பதில் போடவில்லை.

"தோ போறேன்னு சொல்லிகினே உக்காந்திருந்தான், பொண்டாட்டி போயிட்டா. பொண்ணு எப்படிப் பேசும்?" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பாய்க்கும் அது காதில் விழத்தான் செய்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அந்த ஆள் சுமக்கிற பழி என்னுடையது. அதை அவர் தலையிலிருந்து இறக்கி, அந்தப் பெண்ணைப் பேச வைக்க என்னால் முடியும். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். அந்த மழையில் டைரக்ட் கொடுத்த வீடுகளை எல்லாம் யோசித்து யோசித்து ஒரு காகிதத்தில் எழுதினேன். பதினோரு வீடு. ஒவ்வொன்றாகப் போய்க் கழற்ற ஆரம்பித்தேன். "கூப்புடாமலே வேலைக்குப் போற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் என் மனைவி பூங்காவனம். அவளிடமும் நான் சொல்லவில்லை.

கழற்ற விட்டால்தானே! "நல்லாத்தானே ஓடுது, ஏன் நோண்டுறே?" என்றார் ஒருவர். வீட்டில் விசேஷம், அடுத்த மாதம் வா என்றார் இன்னொருவர். முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடு ஒன்று. சுரேகா என்று ஒரு அம்மா, ஸ்கூல் டீச்சர். கதவை முழுசாகக் கூடத் திறக்கவில்லை.

"அதை மாட்டினா கீசர் போட்டதும் எல்லாம் ஆஃப் ஆயிடுதுங்க. காலைல குழந்தைங்கள ஸ்கூலுக்கு அனுப்பறதா, இதோட மல்லுக்கட்டறதா?"

"அப்டின்னா கீசர்லதான் லீக்கேஜ் கீதும்மா. அத மாத்துங்க."

"அப்புறம் பாத்துக்கலாம். நீங்கதானே அன்னிக்கு இப்படிக் குடுத்தீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமா, நான்தான் குடுத்தேன்! இதே மாதிரி குடுத்த ஊட்ல ஒரு அம்மா செத்துப்போச்சு. கேட்டுக்கினியா? செத்துப்போச்சு! இப்ப கதவத் தொறக்கறியா, இல்லியா?"

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். சுரேகா கதவைத் திறந்து வழிவிட்டது. நான் வேலை செய்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்றது. கீசர் லைனைத் தனியாகக் கழற்றிவிட்டு, டிரிப்பரை மாட்டி, பட்டனை அழுத்திக் காட்டினேன். மாதம் ஒரு தடவை இப்படி அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். தலையாட்டியது.

நான் பையைத் தூக்கும்போது மெதுவாகக் கேட்டது. "அந்த வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமா? அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

படியிறங்கி வந்துவிட்டேன். வண்டியை எடுத்தவன் நூம்பலுக்குப் போகவில்லை. நேராகப் பூந்தமல்லிக்குப் போனேன்.

மதியம் மூன்று மணி. கடையில் பாய் மட்டும் இருந்தார். ரெக்ஸின் துணியை மெஷினில் கொடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நோன்பில் உதடு காய்ந்திருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாய், அன்னிக்கு நான் குடுத்த டைரக்ட்ட எடுக்கவே இல்ல. அதாலதான் தங்கச்சி போயிடுச்சி. நீ மோட்டார நிறுத்தாததால இல்ல. அடக்கத்துக்கு நீங்க போனப்ப நான் அந்த வயரக் கழட்டிட்டேன்."

மெஷின் நின்றது.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"மெயின அணைக்க ஓடினேனே, அப்ப அந்தத் துண்டு வயர் அங்கதான் இருந்திச்சி. அடக்கம் பண்ணிட்டு வந்து பாத்தா இல்ல. எனக்கு கண்ணு நல்லாத்தான் தெரியுது பரந்தாமா."

"அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல? தெருவே உன்ன ஏசுது. பொண்ணு மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. நீ பேசாம கீறியே!"

அவர் ரெக்ஸினின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னார். "சொன்னா உன்னிய கேப்பாங்க. யாரு குடுக்கச் சொன்னாங்கன்னு கேப்பாங்க. உனக்கு போன் பண்ணது யாரு? டைரக்ட் குடுன்னு கேட்டது யாரு?"

அவர் தையலிலிருந்து நூலை அறுத்தார்.

"அவ இன்னும் அத யோசிக்கல. யோசிக்கவும் கூடாது. என்னிய வெறுத்துக்கினு கீறாளா, வெறுக்கட்டும். அத்தாவ வெறுக்கிற பொண்ணு எப்படியும் பொழச்சிக்கும். தன்னியே வெறுத்துக்கினா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு மிச்சம் அவ ஒருத்திதான்."

"நானா செஞ்சேன்னு சொல்லிடறேன் பாய். யாரும் கேக்கல, நானே குடுத்தேன்னு சொல்றேன்."

"வேணாம். நீ சும்மா இருந்தாலே போதும். வாய வெச்சிக்கினு கம்முனு இரு."

மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

சும்மா இருந்திருக்கலாம். அவர் அவ்வளவு சொல்லியும் நான் கேட்கவில்லை. அவருக்காகப் போனேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். என்னால் தாங்க முடியாமல்தான் போனேன். மறுநாள் சாயங்காலம், அவர் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போகிற நேரம் பார்த்துப் பாரிவாக்கம் போனேன். மணி ஐந்தரை இருக்கும். ரைஹானா சமையலறைத் தரையில் உட்கார்ந்து தர்ப்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க மாமா" என்றாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. உங்க அத்தா மேல தப்பு இல்ல. மழை சமயத்துல நான் இங்க வந்தேன் இல்ல, அப்ப டிரிப்பரக் கட் பண்ணிட்டு டைரக்ட் குடுத்துட்டேன். யாரும் கேக்கல. நானாத்தான் குடுத்தேன். திரும்ப வந்து எடுக்கல. அது இருந்திருந்தா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அத்தாகிட்ட பேசும்மா."

கத்தியைத் தட்டில் வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மாமா பொய் சொல்றீங்க? நான்தானே உங்களுக்கு போன் பண்ணேன். நான்தானே டைரக்ட் குடுக்கச் சொன்னேன்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆம்புலன்ஸ்ல போறப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அத்தா 'நான் போயிருக்கணும், நான் போயிருக்கணும்'னு தலையில அடிச்சிக்கிட்டே வந்தாரு. இல்லத்தா, நான்தான்னு சொல்ல வாய் வரல. அதுக்கப்புறம் அவர் முகத்தப் பாக்கவே முடியல. வாயத் தொறந்தா அதத்தான் மொதல்ல சொல்லுவேன். சொன்னா அவர் என்னை எப்படிப் பாப்பாரோன்னு பயமா இருந்துச்சு. அந்த வேலைக்கு எப்படி மாமா போறது? அம்மாவக் குடுத்துட்டு வாங்கின வேலை."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வாரமாக இந்த வீட்டில் ஒருவருக்குப் பயந்து ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். வெறுப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைத்தது வெறுப்பே இல்லை.

"நீ கேட்டது தப்பே இல்லம்மா" என்றேன். "உனக்கு வயரப் பத்தி இன்னா தெரியும்? கேக்கறவங்க ஆயிரம் கேப்பாங்க. முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் என்ன மாதிரி ஒருத்தன் கீறான். அதான் என் தொழிலே."

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

அவள் குரல் உயர்ந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "முடியாதுன்னு ஏன் சொல்லல? அம்மா கேட்டாங்களே, ஆபத்து இல்லியேன்னு. நீங்க திட்டினா நாங்க கேட்டிருப்போமே. எப்பவும் திட்டுவீங்களே மாமா! அன்னிக்கு மட்டும் ஏன் திட்டல?"

மழை, மூன்று வீட்டு வேலை, அடித்துக்கொண்டே இருந்த போன் எல்லாம் வாய் வரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"சுலபமா இருந்திச்சும்மா" என்றேன். "அவ்ளோதான். சுலபமா இருந்திச்சு."

பின்னால் தூக்குப் பாத்திரத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பாய் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எங்கிருந்து கேட்டார் என்றும் தெரியவில்லை. ரைஹானா அவரைப் பார்த்தாள். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"அத்தா, நான்தான் அத்தா."

"தெரியும்மா" என்றார் அவர். "தெரியும். தெரியும்." அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் அழுதாள். அவரும் அழுதார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட அந்த மனுஷன் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இரண்டு பேருக்கும் அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத தொண்டை. நான் எழுந்து இரண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர்கள் முன்னால் வைத்தேன். பாய் தம்ளரை எடுத்து முதலில் மகள் வாயருகே கொண்டுபோனார். அவள் ஒரு மிடறு குடித்தாள். அவர் குடிக்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"போர்டுல அத சரியா மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன் பாய்."

"வேலை செய்யுதா?"

"செய்யுது."

"சரி. நீ போ."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வந்த ஆளிடம், வேலை முடிந்தது, போகலாம் என்று சொல்வது போலத்தான் சொன்னார். எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் என்னை ஒரு நாளும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டினேன். வண்டியை எடுக்காமல் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே ரைஹானா பேசிக்கொண்டே இருந்தாள், அழுகைக்கு நடுவே, ஐந்து வாரப் பேச்சையும் சேர்த்து. நடுநடுவே பாயின் குரல் கேட்டது. அம்மா, அம்மா என்று சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசினார்கள். என் பெயரை ஒரு தடவையாவது சொல்லித் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் நாளைக்கு வந்து காலில் விழலாம், பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். தெருவிளக்கு எரிகிற வரை நின்றேன். அவர்கள் பேச்சில் நான் வரவே இல்லை.